என் காரில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்க் மூடி கசிகிறது. அளவு பொருந்துகிற வேறு மூடி எதையாவது வாங்கிப் போடலாமா?

மரை பொருந்தினால் மட்டும் போதாது. மூடியின் தலையில் அச்சிட்டிருக்கும் எண்ணும் பொருந்த வேண்டும். இதை நான் வால்பாறை மலைப்பாதையில், அம்மாவையும் பிள்ளைகளையும் காரில் வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

என்னுடையது பழைய டீசல் கார். உங்களுக்கு நடப்பது போலவே மூடி ஓரத்தில் கசிந்து, டேங்கின் கழுத்தைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்த கறை படிந்திருந்தது. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பழைய மூடியைக் காட்டி, அதே போல ஒன்று வாங்கினேன். கச்சிதமாகத் திருகி உட்கார்ந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்தோம். 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட வரவில்லை, டெம்பரேச்சர் முள் மேலே போகத் தொடங்கியது. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால், மூடிக்கடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி. கூலன்டின் அந்தத் தித்திப்பு வாசனை காருக்குள்ளேயே வந்துவிட்டது.

என் கை மூடியை நோக்கிப் போனது. பின்னால் நிறுத்திய தேயிலை லாரி டிரைவர் ஓடி வந்து, "தம்பி, கை வைக்காதீங்க! முகமே வெந்துடும். நல்லா ஆறட்டும்" என்று தடுத்தார். அந்த மனிதருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடைபட்டிருக்கும் நீர். மூடியைத் திறந்து அழுத்தம் விட்ட அந்த நொடியே அது பொங்கி மேலே அடிக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து, ஆறியபின் இரண்டு மூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் 1.4 என்று இருந்தது. புதியதில் 0.9. வெளியே ஒரே மாதிரி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வேறு.

வீட்டுக் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் இந்த மூடி செய்கிறது. அதில் போட்டிருக்கும் பார் (bar, அழுத்தத்தின் அலகு) அளவு வரை அழுத்தத்தை உள்ளேயே பிடித்து வைக்கும், தாண்டினால் வெளியே விடும். கடல் மட்டத்தில் வெறும் தண்ணீரே 0.9 பார் மூடியின் கீழ் சுமார் 119 டிகிரி வரையும், 1.4 பார் மூடியின் கீழ் சுமார் 126 டிகிரி வரையும் கொதிக்காது. கூலன்ட் கலந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். மலையில் இது இன்னும் முக்கியம். 3,500 அடி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

அதற்காக, கூடுதல் எண் போட்ட மூடி நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அழுத்தம் வெளியேற வழி இல்லாவிட்டால் பலவீனமான இடம் எதுவோ அதுதான் விடும்: பழைய ஹோஸ், பிளாஸ்டிக் டேங்கின் ஒட்டு, ஹீட்டர். கம்பெனி சொன்ன எண்ணையே போடுங்கள். மூடியின் விலை சில நூறு ரூபாய்தான்.

இன்னொன்று, உங்கள் கார் எந்த வகை என்று முதலில் பாருங்கள். மாருதி 800 போன்ற கார்களில் அழுத்த மூடி ரேடியேட்டரின் தலையில் இருக்கும். பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மூடி வெறும் மூடிதான். நான் சொல்வதெல்லாம், டேங்கே அழுத்தத்தில் இருக்கும் கார்களுக்கு.

பொருத்துவது இப்படி. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்; காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் செய்வது நல்லது. தடித்த துணியைப் போட்டு மெதுவாகக் கொஞ்சம் திருகி, காற்று வெளியேறி முடிந்த பிறகே முழுக்கக் கழற்றுங்கள். கழுத்தின் விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் எத்தனை மூடி மாற்றினாலும் கசியும், டேங்கைத்தான் மாற்ற வேண்டும். புது மூடியின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் கூலன்டைத் தடவுங்கள். கிரீஸ், எண்ணெய் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். மூடியை வைத்து முதலில் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். மரை 'டொக்' என்று விழும். அதன்பின் சரியான பக்கம் கையால் முடுக்கினால் போதும். ஸ்பானரோ பிளையரோ தேவையில்லை. கூலன்ட் மட்டம் டேங்கில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கட்டும். நீர் விரிய மேலே காற்றிடம் வேண்டும், விளிம்பு வரை ஊற்றாதீர்கள்.

அப்புறம், ஃபேன் ஓடி நிற்கும் வரை என்ஜினை ஓடவிட்டு, கழுத்தைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் பாருங்கள். சூப்பிய மாம்பழம் போல ஒட்டிப்போயிருந்தால், ஆறும்போது காற்றை உள்ளே விடும் சின்ன வால்வு மூடியில் அடைத்திருக்கிறது; கடையில் கொடுத்து மாற்றுங்கள். இரவு முழுக்க ஆறிய பிறகும் ஹோஸ் விறைப்பாக இருந்தாலோ, என்ஜின் ஓடும்போது டேங்கில் விடாமல் குமிழி வந்தாலோ, சந்தேகம் மூடி மேல் இல்லை, ஹெட் கேஸ்கெட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) மேல். வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.