வாசகர் கேள்வி – பதில்: வகுப்பறையில் பிற சமயங்கள்

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நன்னெறிக் கல்விப் பாடத்தின் தொடர்பில், மாணவர்களை ஜார்ஜ்டவுனில் உள்ள தேவாலயம், சீனர் ஆலயம், மாரியம்மன் ஆலயம், பள்ளிவாசல் ஆகியவற்றுக்கு அழைத்துச் செல்லப்போவதாக ஆசிரியர் புலனத்தில் (வாட்ஸ்அப்) தெரிவித்திருக்கிறார். நம் சமயத்தையே இன்னும் சரிவர அறியாத ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது தேவைதானா? அனுப்ப மறுத்தால் தவறாகுமா?
— ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆவது விதி, தம்முடையதல்லாத ஒரு சமயத்தின் போதனையைப் பெறவோ அதன் சடங்கிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ளவோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்றும், 18 வயது நிரம்பாதவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வர் என்றும் கூறுகிறது. ஆயினும், அனுப்புங்கள் என்றே நான் கேட்டுக்கொள்வேன்.

பினாங்கில் வளரும் பிள்ளை பிற சமயங்களை ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. தைப்பூச இரதத்தின் முன் சீனர்கள் தேங்காய் உடைப்பதையும், நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி வாங்க மக்கள் வரிசையில் நிற்பதையும், ஜூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருத்தலத்தில் கூட்டம் நிரம்புவதையும் அது காண்கிறது. அவற்றை நிதானமாக விளக்கிச் சொல்லும் பெரியவர் ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் ஆசிரியர் இல்லாவிட்டால், விளையாட்டுத் திடலில் கேட்ட அரைகுறைப் பேச்சே அதற்குப் பாடமாகிவிடும்.

மாணவர்கள் செல்லவிருக்கும் அந்தப் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் ஆலயம், குவீன் வீதியில் வாசலைக் கொண்ட 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் ஆலயம், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகிய நான்கும் நடந்தே சென்று பார்க்கக்கூடிய தொலைவில் அமைந்துள்ளன. பள்ளிவாசலை எழுப்பியவர்களும் மாரியம்மன் ஆலயத்தை எழுப்பியவர்களும் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள்; இரு தரப்பிலும் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள். தமிழர் என்றால் இந்து என்று மட்டுமே எண்ணி வளரும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம் என்று கருதுகிறேன்.

உங்கள் அச்சத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. பார்ப்பது கல்வி, பங்கேற்பது வழிபாடு. இவ்விரண்டையும் பள்ளி குழப்பிக்கொள்ளக் கூடாது. காலணியைக் கழற்றுவதும், பள்ளிவாசலில் கொடுக்கப்படும் அங்கியை அணிந்துகொள்வதும், குரலைத் தாழ்த்திப் பேசுவதும் விருந்தினருக்குரிய மரியாதை. ஆனால், குவான் யின் ஆலய முற்றத்தில் பிள்ளையின் கையில் கொளுத்திய ஊதுவத்தியைக் கொடுத்து, மற்றவர்களைப் போல் மூன்று முறை வணங்கச் சொன்னால் அது பாடத்தைக் கடந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை ஒப்புதல் கடிதத்திலேயே எழுதித் தரும்படி ஆசிரியரைக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் அதனை வரவேற்பார். இதே அளவுகோல் நமக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிட வேண்டாம். மாரியம்மன் ஆலயத்திலோ, பள்ளியில் நடக்கும் கலைமகள் விழாவிலோ, கிறிஸ்துவப் பிள்ளையின் நெற்றியில் கேட்காமலே திருநீறு இட்டுவிடுகிறோம். அன்பினால் செய்வதுதான்; இருந்தாலும் அந்தப் பிள்ளையின் தாயும் உங்களைப் போன்ற ஒரு தாய்தானே.

கேள்வி: நன்னெறிக் கல்வி வகுப்பில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், “டீச்சர், எந்தச் சாமி உண்மையான சாமி?” என்று கேட்டான். எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று சொல்லிச் சமாளித்தேன். அது சரியான பதில்தானா?
— ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நல்ல மனத்துடன் சொன்ன பதில்தான். ஆனால், வகுப்பறைக்கு அது பொருந்தாது. எல்லாம் ஒன்றே என்பது நம்மில் பலர் மனமார ஏற்கும் நம்பிக்கை. அதை ஏற்காத சமயங்களும் உண்டு. முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்குச் செல்ல, உங்கள் முன் அமர்ந்திருப்பவர்களில் சைவக் குடும்பத்துப் பிள்ளையும், கத்தோலிக்கப் பிள்ளையும், தாய் பௌத்தராகவும் தந்தை இந்துவாகவும் உள்ள பிள்ளையும், வீட்டில் எந்த வழிபாடும் இல்லாத பிள்ளையும் இருக்கக்கூடும். ஆசிரியர் சொல்லும் தீர்ப்பு எதுவானாலும், அவர்களில் ஒருவர் வீட்டில் கேட்டதற்கு எதிராகத்தான் போய் நிற்கும்.

ஆகவே, நம்பிக்கையை நம்புகிறவர்களின் பெயரிலேயே சொல்லிப் பழகுங்கள். “இயேசு உயிர்த்தெழுந்தார் என்று கிறிஸ்துவர்கள் நம்புகிறார்கள்”, “செய்த வினையின் பயன் அடுத்த பிறவியிலும் தொடரும் என்று இந்துக்கள் நம்புகிறார்கள்”, “கடவுள் என ஒருவர் இல்லை என்று கருதி, நேர்மையாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள்” என்று ஒரே குரலில், ஒரே மதிப்புடன் சொல்ல வேண்டும். இதனால் நம் நாட்டின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடான இறைநம்பிக்கைக்கு ஊறு நேராது. எவருடைய நம்பிக்கையையும் நீங்கள் மறுக்கவில்லை. எது உண்மை என்று பிள்ளை மேலும் கேட்டால், “இதற்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு விடை வைத்திருக்கிறது, உன் அம்மா அப்பாவிடம் கேட்டு வா” என்று சொல்லுங்கள். இன்னொன்று: வகுப்பில் உள்ள ஒரே சீக்கியப் பிள்ளையை எழுப்பி, அவருடைய சமயம் முழுவதற்கும் விளக்கம் கேட்காதீர்கள். எட்டு வயதில் அது பெரும் பாரம். அவராக விரும்பிச் சொன்னால் கேட்டு மகிழுங்கள்.

கேள்வி: எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளியில் தேவார வகுப்பு நடத்த விரும்புகிறது. சட்டம் அனுமதிக்கிறதா?
— வாசகர், பிறை

பதில்: அரசாங்க உதவி பெறும் பள்ளியில் நடத்தலாம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51ஆவது பிரிவு, இஸ்லாம் அல்லாத சமயங்களைக் கற்பிக்கப் பள்ளி வாரியத்துக்கு இடமளிக்கிறது. ஆனால், நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தை அதற்குச் செலவிட முடியாது. வேறு சமயத்தைச் சேர்ந்த பிள்ளை, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி அதில் அமரவும் கூடாது. எனவே முதலில் வாரியத்தையும் தலைமையாசிரியரையும் அணுகுங்கள். செலவைச் சங்கமே ஏற்கட்டும். வகுப்பில் சேராத பிள்ளைகளை வெளியே காத்திருக்க விடாமல், அந்நேரத்தில் அவர்கள் நூலகத்தில் இருக்க ஏற்பாடு செய்துவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள்.