மனுவில் ‘இன்டர்வீன்’ போடுவதா, ‘இன்டர்ஃபியர்’ போடுவதா?

கேள்வி இது: “இன்டர்வீன் என்றால் தலையிடுதல் என்று அகராதியில் இருக்கிறது. இன்டர்ஃபியர் என்றாலும் தலையிடுதல்தான். பிறகு என்ன வித்தியாசம்? தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு மழைநீர் வடிகால் அடைப்புக்காக மண்டல அலுவலருக்கு ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டும். எதைப் போடுவது?”

மனுவில் போட வேண்டியது இன்டர்வீன். இன்டர்ஃபியர் என்று எழுதினால், ‘ஐயா இதில் கொஞ்சம் மூக்கை நுழைக்க வேண்டும்’ என்று அவரிடமே கேட்ட மாதிரி ஆகிவிடும். இந்தக் குழப்பத்துக்கு ஆங்கிலத்தைக் குறை சொல்ல முடியாது. நம்முடைய ‘தலையிடு’ நல்லதுக்கும் பொல்லாததுக்கும் ஒரே சொல்லாக நிற்கிறது. ‘கலெக்டர் தலையிட வேண்டும்’ என்று கோரிக்கையும் வைக்கிறோம், ‘என் விஷயத்தில் தலையிடாதே’ என்று சண்டையும் போடுகிறோம். ஆங்கிலத்தில் முதலாவது இன்டர்வீன், இரண்டாவது இன்டர்ஃபியர்.

சொல்லைப் பிரித்தால் பொருள் எளிது. லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே, ‘வெனீரே’ என்றால் வருதல். நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் இடையே வந்து அதன் போக்கை மாற்றுவது. தடுத்தல் என்ற பொருளில் வரும் ‘ப்ரிவென்ட்’ கூட அதே வெனீரேயில் பிறந்ததுதான். அது முன்னால் வருவது. செப்டம்பரிலேயே வடிகாலைத் தூர்வாரினால் அது ப்ரிவென்ஷன். நவம்பரில் தெருவில் முட்டியளவு தண்ணீர் நின்ற பிறகு மோட்டார் வைத்து இறைத்தால் இன்டர்வென்ஷன். காரியம் தொடங்கிவிட்டதா என்பதுதான் இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு.

அடுத்தது இலக்கணம். நம் ஆட்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இந்த வினைச்சொல் நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்காது. ‘ஹீ இன்டர்வீன்ட் தி ஃபைட்’ தவறு. ‘இன் தி ஃபைட்’ என்று ‘இன்’ வந்தே தீர வேண்டும். ‘சண்டையை விலக்கினார்’ என்று ஐ போட்டுப் பேசும் பழக்கம் ஆங்கிலத்திலும் நம்மை இழுக்கிறது. ‘சண்டையில் தலையிட்டார்’ என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள், அந்த ‘இல்’ உங்களை ‘இன்’ பக்கம் கொண்டுபோய் விடும். ‘தி மேட்டர் வாஸ் இன்டர்வீன்ட் பை தி ஆபீசர்’ என்ற செயப்பாட்டு வினையும் இதே காரணத்தால் கிடையாது. எழுத்தில் கடைசிப் பகுதி வி-இ-என்-இ; வி-ஐ-என்-இ என்று போட்டால் ‘வைன்’ ஆகிவிடும். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘வீன்’ மேல்.

பின்னால் வரும் சொல்தான் தமிழில் எதைப் போடுவது என்று காட்டிக்கொடுக்கும். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் இருக்கிறது, இரண்டு பேருக்குள் தகராறு என்று வையுங்கள். நடுவில் புகுந்து இருவரையும் பிரித்தவர் ‘பிட்வீன்’ போட்டு இன்டர்வீன் செய்தவர்; தமிழில் ‘விலக்கிவிட்டார்’, நம் பக்கத்துப் பேச்சில் ‘வெலக்கி வுட்டாரு’. வரிசை மாறி வைத்த குடத்தை எடுக்கச் சொல்லி வயதான அம்மாவுக்காகப் பேசியவர் ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’ போட்டு இன்டர்வீன் செய்தவர். ‘தட்டிக் கேட்டார்’ அல்லது ‘பரிந்து பேசினார்’. இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசினால் அது மீடியேட், அதாவது பஞ்சாயத்து. எல்லாம் அடங்கிய பிறகு வந்து ‘ரெண்டு பேர் மேலயும் தப்பு’ என்று திரியைத் தூண்டிவிட்டுப் போகிறாரே, அவர்தான் இன்டர்ஃபியர். ‘நடுவுல பூந்தான்’ என்பது சொல்கிறவரின் குரலைப் பொறுத்தது, பாராட்டாகவும் இருக்கும், வசவாகவும் இருக்கும்.

இன்டர்ஃபியருக்குப் பின்னால் ‘வித்’ வந்தால் இன்னும் கடுமை. சாட்சியைக் கலைப்பது, மீட்டரை நோண்டுவது, நடக்கிற வேலையைக் கெடுப்பது எல்லாம் அதில் அடங்கும். ரேடியோவில் கேட்கும் இரைச்சலுக்கும் இதே சொல்தான், அங்கே வசவு இல்லை.

‘இன்டர்சீட்’ என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது: ஒருவருக்காக மற்றொருவரிடம் பரிந்து கேட்பது. ராயப்பர், அதாவது புனித பீட்டர் பெயரில் அமைந்த ராயபுரத்தில் மாதாவிடம் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்கிற ஜெபத்தைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் இந்தச் சொற்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கத் திருவொற்றியூர் தலபுராணத்தை விட நல்ல உதாரணம் கிடைக்காது. சுந்தரர் சங்கிலியாரை மணக்க விரும்பி இறைவனிடம் முறையிடுகிறார். இறைவன் சங்கிலியாரின் கனவில் போய்ச் சுந்தரருக்காகப் பேசுகிறார். இது இன்டர்சீட், ‘இன்டர்வீன்ட் வித் சங்கிலி ஆன் பிஹாஃப் ஆஃப் சுந்தரர்’ என்றாலும் சரியான ஆங்கிலமே. யாரிடம் பேசினாரோ அவருக்கு ‘வித்’, யாருக்காகப் பேசினாரோ அவருக்கு ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’. பிறகு, ‘உன்னைப் பிரியேன்’ என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டிய கட்டாயம் வருகிறது. சுந்தரர் தந்திரமாக, அந்த நேரத்தில் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய் இருக்கும்படி இறைவனைக் கேட்டுக்கொள்கிறார். இறைவன் சங்கிலியாரிடம் போய், ‘சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் கேள்’ என்று சொல்லிவிடுகிறார்! சங்கிலியார் பக்கமிருந்து பார்த்தால் இது டிவைன் இன்டர்வென்ஷன். சுந்தரர் பக்கமிருந்து பார்த்தால் சுத்தமான இன்டர்ஃபியரன்ஸ். செயல் ஒன்று, சொல் இரண்டு. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது.

ஆள் யாரும் தலையிடாத பொருளும் இன்டர்வீனுக்கு உண்டு. வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ 2019 பிப்ரவரி 10 அன்று வந்தது. அங்கிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரி 14 அன்று ஓடத் தொடங்கியது. ‘இன் தி இன்டர்வீனிங் டூ இயர்ஸ்’ என்றால் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில். கணினி மொழிபெயர்ப்பில் இது ‘தலையிட்ட இரண்டு ஆண்டுகள்’ என்று வந்து நிற்பதைப் பார்க்கலாம். எழுவாய் காலமாகவோ மழையாகவோ நோயாகவோ இருந்தால் ‘தலையிடு’வை விட்டுவிட்டு ‘குறுக்கிட்டது’, ‘இடையில் வந்தது’ என்று எழுதுங்கள்.

பாரிமுனை நீதிமன்ற வளாகத்தில் இந்தச் சொல் கொஞ்சம் விலை உயர்ந்தது, ஏனென்றால் இரண்டு வெவ்வேறு மனுக்களை மக்கள் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 1, விதி 10(2) என்பது வழக்கில் ஒருவரைத் தரப்பாகவே சேர்ப்பது. ‘இம்ப்ளீட் ஆகிறது’ என்று வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்வது இதைத்தான். நீங்கள் இல்லாமல் வழக்கை முழுமையாகத் தீர்க்க முடியாது என்று காட்ட வேண்டும். சேர்ந்தால் தீர்ப்பு உங்களையும் கட்டும். விதி 8ஏ வேறு. வழக்கில் எழும் சட்டப் பிரச்சினையில் உங்களுக்கு அக்கறை உண்டு, உங்களைக் கேட்பது பொதுநலனுக்கு நல்லது என்று நீதிமன்றம் கருதினால், கருத்துச் சொல்லவும் அது குறிப்பிடும் அளவுக்குப் பங்கெடுக்கவும் அனுமதிக்கும். இவரைத்தான் இன்டர்வீனர் என்பது பொருந்தும், தமிழில் ‘இடையீட்டாளர்’. தன் வீட்டு மனைப் பட்டா சம்பந்தப்பட்ட வழக்கில் வெறும் இடையீட்டாளராக நின்றால் போதாது. நீதிமன்றமே ‘தாமாக முன்வந்து’ வழக்கு எடுப்பது மூன்றாவது வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு செய்தது அது. செய்தியில் அதை இன்டர்வென்ஷன் என்று எழுதலாம், இன்டர்வீனர் என்று எழுதக் கூடாது.

ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘இன்டர்வென்ஷன்’ என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். ‘நோ ஆக்டிவ் இன்டர்வென்ஷன்’ என்றால் இப்போதைக்கு ஆபரேஷன் மாதிரி எதுவும் வேண்டாம், கவனித்து வந்தால் போதும் என்பது. பி.சி.ஐ. என்று இருந்தால் அதில் கடைசி ஐ இதே சொல்தான். மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாகக் குழாயைச் செலுத்தி இதய அடைப்பை நீக்குவது. குழந்தைகளுக்கான ‘ஏர்லி இன்டர்வென்ஷன்’ என்பதைத் தமிழில் ‘ஆரம்பநிலை இடையீடு’ என்கிறார்கள். இங்கே ‘தலையீடு’ போட்டிருந்தால் பெற்றோர் வாசலிலேயே திரும்பியிருப்பார்கள்.

சட்டமன்றச் செய்தியில் அமைச்சர் இன்டர்வீன் செய்தால் ‘குறுக்கிட்டுப் பேசினார்’. உலக நாடுகளின் கூட்டங்களில் ‘இந்தியாவின் இன்டர்வென்ஷன்’ என்றால் பெரும்பாலும் அந்தப் பிரதிநிதியின் பேச்சு, அவ்வளவுதான். படை அனுப்பியதாக மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

இனி உங்கள் மனு. இன்டர்வென்ஷன் என்பது மேலே இருப்பவரிடம் கேட்பது. வேலையைச் செய்ய வேண்டிய வார்டு உதவிப் பொறியாளரிடமே ‘யுவர் இன்டர்வென்ஷன்’ என்று கேட்பது பொருந்தாது. அவருக்கு ‘டேக் நெசசரி ஆக்‌ஷன்’. அது நடக்காத பிறகு மண்டல அலுவலருக்கு எழுதுகிற இரண்டாவது மனுவில்தான் ‘ஐ ரிக்வெஸ்ட் யுவர் கைண்ட் இன்டர்வென்ஷன் இன் திஸ் மேட்டர்’. அதோடு நிறுத்திவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாது. எந்தத் தெரு, எந்த வீட்டு எண்ணிலிருந்து எதுவரை, எத்தனை நாளாகத் தண்ணீர் நிற்கிறது, மாநகராட்சியின் 1913 தொலைபேசியில் கொடுத்த புகாரின் எண், முதல் மனுவின் தேதி ஆகியவற்றை முன்னால் வையுங்கள். இன்டர்வென்ஷன் வாக்கியத்தைக் கடைசியில் வைத்து, கூடவே கேட்பதையும் சொல்லுங்கள். ஆங்கிலமே வேண்டியதில்லை. ‘தாங்கள் இதில் தலையிட்டு, மேற்படி பகுதியில் வடிகாலைத் தூர்வார உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று தமிழில் எழுதினால் சொல்லில் பிசகவும் வழியில்லை.

அதற்கு முன்னால் நிற்பது மழைத்தண்ணீரா, சாக்கடைத் தண்ணீரா என்று பாருங்கள். சாக்கடை என்றால் அது குடிநீர் வாரியத்தின் வேலை. மாநகராட்சி மண்டல அலுவலர் அந்த மனுவை அங்கே அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார்.