புதுச்சேரி போர்டு, மச்சினன் பெயர், உங்கள் இஎம்ஐ

கேள்வி: திருநெல்வேலியில் தனியார் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 72,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் இஎம்ஐ 18,000. 2025-ல் வட்டி இறங்கியபோது அதன் மேலேயே டாப்-அப் என்று கூடுதல் கடன் வாங்கிச் சமையலறையை மாற்றினோம், அதையும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. 9.8 லட்சத்துக்கு ஒரு கார் பார்த்து வைத்திருந்தேன். கையில் 4 லட்சம் இருக்கிறது. புதுச்சேரியில் இருக்கும் என் மனைவியின் தம்பி, “அங்க எதுக்கு அத்தான் வரியக் கொட்டி அழுறீங்க? இங்க என் பேர்ல எடுத்தா வரியிலயே 1.7 லட்சம் மிச்சம். பெரிய வண்டியாவே எடுத்துடலாம்” என்கிறார். அவர் காட்டுவது 13.5 லட்சம் கார். அவர் பெயரில் 14 லட்சம் கடன், ஏழு வருடம், வட்டி 9.5%. இஎம்ஐ நான் கட்ட வேண்டும். என் 4 லட்சத்தில் ஒரு லட்சத்தை வண்டிக்குக் கொடுத்துவிட்டு மீதி 3 லட்சத்தைச் சிறு நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஸ்மால்கேப் ஃபண்டில் போடச் சொல்கிறார். முன்பணமாக 25,000 அனுப்பியாயிற்று. மனைவிக்கு இதில் முழுச் சம்மதம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவ்வளவு தூரத்து டீலரிடம் வாங்கினால் சர்வீஸ், வாரண்டியில் சிக்கல் வருமா?

பதில்: வராது. தயாரிப்பாளர் தரும் வாரண்டி நாடு முழுவதும் செல்லும். திருநெல்வேலியில் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் இருந்தால் இலவச சர்வீஸையும் அங்கேயே செய்துகொள்ளலாம். ஆனால் சர்வீஸை நினைத்து யாரும் தூக்கம் கெடுவதில்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு டாப்-அப் கடன் வருகிறதே, பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

வட்டி இறங்கியது. மாதம் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். அந்த மிச்சம் வங்கிக் கணக்கில் நாலு மாதம் தங்குவதற்குள் அதை நம்பி ஒரு கடன். இப்போது வரியில் மிச்சம் என்று ஒருவர் சொன்னதும், அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே அதை நம்பி இன்னொரு கடன். சமையலறை சிறிய தொகை, தப்பித்துவிட்டீர்கள். இது 14 லட்சம்.

அந்த 1.7 லட்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் கார்களுக்கான ஆயுள்கால வரியை உயர்த்தினார்கள். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவிகிதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவிகிதம். நீங்கள் பார்த்து வைத்த 9.8 லட்சம் காருக்கு வரி சுமார் 1.27 லட்சம். புதுச்சேரியில் ஒரு பைசாகூட வரி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் உங்களுக்கு 1.27 லட்சத்துக்கு மேல் மிச்சமாக வழியில்லை. மைத்துனர் சொல்லும் 1.7 லட்சம், நீங்கள் வாங்க நினைக்காத 13.5 லட்சம் காரின் மேல் போட்ட கணக்கு. அதற்கு இங்கே வரி 2.43 லட்சம், அங்கே சுமார் 73,000 என்று அவர் வைத்துக்கொண்டிருக்கிறார் போல. அந்தக் கணக்கையும் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். 1.7 லட்சம் மிச்சம் பிடிக்க, காரின் விலையில் மட்டும் 3.7 லட்சம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்.

அடுத்தது வட்டி. 14 லட்சம், 9.5%, 84 மாதம் என்றால் இஎம்ஐ ஏறக்குறைய 22,900. மொத்தம் கட்டுவது 19.2 லட்சம், அதில் வட்டி மட்டும் 5.2 லட்சம். பழைய திட்டப்படி 9.8 லட்சம் காரை இங்கேயே வாங்கினால், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 11.5 லட்சம் ஆகலாம். உங்கள் 4 லட்சம் போக 7.5 லட்சம் கடன், அதே வட்டி, ஐந்து வருடம்: இஎம்ஐ 15,750, வட்டி 1.95 லட்சம். வட்டியில் மட்டுமே 3.25 லட்சம் வித்தியாசம். மிச்சமாகும் வரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வீட்டுக் கடனோடு சேர்த்தால் மாதம் 40,900 கடனுக்கே போகும். 72,000 சம்பளத்தில் பாதிக்கும் மேல். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், டயர் எல்லாம் அதற்கு அப்புறம். சரியாகச் சொன்னால் 9.8 லட்சம் காரே உங்கள் சம்பளத்துக்குக் கொஞ்சம் இறுக்கம்தான். 8 லட்சத்தில் முடித்தால் கடன் 5.5 லட்சத்தோடு நிற்கும், இஎம்ஐ 11,550. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் பார்ப்பேன்.

ஸ்மால்கேப் ஃபண்ட் விஷயம். காருக்கு முழுக்கக் கடன் வாங்கு, கைப்பணத்தை ஃபண்டில் போடு, ஏழு வருடத்தில் கார் இலவசம் என்று இப்போது யாரைப் பார்த்தாலும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடனுக்கு 9.5% வட்டி நிச்சயம், மாதா மாதம் தேதி தவறாமல் வரும். ஃபண்டின் வருமானம் அப்படி வராது. ஸ்மால்கேப் ஒரே வருடத்தில் கால்வாசிக்கு மேல் சரிந்த வருடங்களும் உண்டு. ஏழு வருடத்துக்கு அதைத் தொடாமல் வைத்திருப்பவருக்குப் பலன் கிடைக்கலாம். வட்டி குறைந்ததும் டாப்-அப் வாங்குகிறவர் அந்த 3 லட்சத்தைத் தொடாமல் இருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை, மன்னிக்கவும்.

இனி, யார் பெயரில் வண்டி என்பது. இதை நீங்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. வண்டியின் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2018-ல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நீங்கள் பாளையங்கோட்டையில் ஒருவர் மேல் இடித்தால் நோட்டீஸ் புதுச்சேரிக்குப் போகும். வண்டி ஓட்டும் உரிமையாளருக்கென்று 15 லட்சம் ரூபாய்க்குக் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அதுவும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். தினமும் ஸ்டியரிங் பிடிக்கப்போகும் உங்களுக்கு அதில் ஒன்றும் கிடையாது. வண்டி மொத்தமாகச் சேதமானால் இன்ஷூரன்ஸ் பணம் முதலில் வங்கிக்கு, மீதி மைத்துனருக்கு. நீங்கள் ஒரு இஎம்ஐ தவறினால் அடிபடுவது அவருடைய சிபில் ஸ்கோர். அந்த மாதம் உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். 10 லட்சத்துக்கு மேல் போகும் காருக்கு டீலர் 1% டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார். 13,500 ரூபாய். அது பில்லில் உள்ள பான் எண்ணில் ஏறும். பணம் உங்களுடையது, வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு. 13.5 லட்சத்துக்குக் கார் வாங்கினாரே என்று வருமான வரித்துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

“வருஷத்துக்கு ஒரு தடவை புதுச்சேரி வந்துட்டுப் போனா போதும், யாரும் கேக்க முடியாது” என்றும் அவர் சொல்லியிருப்பார். எல்லாரும் சொல்வதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவில் 12 மாதம் என்று ஒரு கெடு உண்மையிலேயே இருக்கிறது; ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் அதற்கு மேல் இருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். மாற்றலாகி வருகிறவர்களுக்காக வைத்தது அது. 40-வது பிரிவோ, உரிமையாளரின் வீடோ தொழிலிடமோ இருந்து, வண்டி வழக்கமாக நிற்கும் மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டின் வரிச் சட்டமும் இங்கே வைத்து ஓட்டும் வண்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். புதுச்சேரியின் பி.ஒய். நம்பரோடு தினமும் திருநெல்வேலியில் ஓடும் வண்டி எங்கே நிற்கிறது என்று காட்ட, சர்வீஸ் பில்லும் ஃபாஸ்டேக் கணக்கும் போதும். கேரளத்தில் 2017-ல் இதே புதுச்சேரிப் பதிவுக்காகச் சினிமாக்காரர்கள் மேலேயே வழக்குப் போட்டார்கள். மாட்டினால் இங்கத்திய வரியையும் அபராதத்தையும் கட்ட வேண்டும். அங்கே கட்டியதைத் திரும்ப வாங்க என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று, மறுபதிவு என்று இரண்டு ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் அலைய வேண்டும்.

வெளிமாநில டீலரிடம் வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. நேர்மையான வழி இருக்கிறது: பில் உங்கள் பெயரில், உங்கள் முகவரியில், அங்கே தற்காலிகப் பதிவு மட்டும், வண்டியை ஓட்டி வந்து உங்கள் ஆர்.டி.ஓ.வில் வரி கட்டிப் பதிவு. ஆனால் அப்போது வரியில் லாபம் கிடையாது. ஜிஎஸ்டி நாடு முழுக்க ஒன்றே என்பதால் ஷோரூம் விலையும் பெரிதாக மாறாது. கிடைப்பது டீலர் தரும் தள்ளுபடி மட்டுமே. போய்வரும் செலவு, 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வரும் செலவு எல்லாம் போக 40,000, 50,000 நின்றால் போங்கள். அப்படிப் போனால் விற்பனைச் சான்றிதழான படிவம் 21-ல் தயாரிப்பு மாதம், வருடம் என்ன போட்டிருக்கிறது என்று பணம் கட்டும் முன் பாருங்கள். பெரிய தள்ளுபடிக்குப் பின்னால் பெரும்பாலும் போன வருடத்து வண்டிதான் இருக்கும். விற்கும்போது அந்தத் தள்ளுபடியை உங்களிடமிருந்து திரும்ப வாங்கிவிடுவார்கள். பணத்தை டீலரின் நிறுவனக் கணக்குக்கே அனுப்புங்கள், விற்பனையாளரின் யுபிஐ எண்ணுக்கு வேண்டாம்.

கொடுத்த 25,000? புக்கிங் படிவத்தில் ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று இருக்கும். வண்டிக்கு பில் போடும் முன்பு சொல்லிவிட்டால் பெரும்பகுதி திரும்ப வரும். முழுவதும் போனாலும் விடுங்கள், ஒரு மாத இஎம்ஐயைவிடச் சற்றுத்தான் அதிகம். மைத்துனரிடம் சட்டம், வரி என்று வாதாட வேண்டாம். வாதாடினால் பதில் வைத்திருப்பார். “வங்கியில் இதற்கு மேல் இஎம்ஐ தாங்காது என்றார்கள், சின்ன வண்டியே போதும்” என்று முதலில் மனைவியிடம் கணக்கைக் காட்டுங்கள், அவரே தம்பியிடம் பேசட்டும். புக்கிங் ரசீது மைத்துனர் பெயரில் இருந்தால் ரத்தான பணம் அவர் கணக்குக்குத்தான் வரும். கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.