அரை ஆட்டம் எங்கே நடக்கிறது?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் விடியவெள்ளன பேஸ்போல் அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். புள்ளிகளையே காணவில்லை, 'இரண்டரை ஆட்டம் பின்னால்' என்று இருக்கிறது. அதென்ன அரை ஆட்டம்?
- ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: அரை ஆட்டம் யாரும் ஆடுவதில்லை தங்கச்சி, அது வெறும் கணக்கு. அங்கே மேஜர் லீக் என்ற பெரிய பேஸ்போல் போட்டியில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடவேண்டும், கிட்டத்தட்ட தினமும் ஆட்டம், ஆனால் இன்று ஓர் அணிக்கு ஓய்வு, இன்னொன்றுக்கு மழை என்று வருவதால் எல்லாரும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்கமாட்டார்கள். முதல் அணி 60 வெற்றி 40 தோல்வி, அடுத்தது 57 வெற்றி 42 தோல்வி என்று வையுங்கள். வெற்றியில் வித்தியாசம் 3, தோல்வியில் 2, கூட்டினால் 5, அதில் பாதி இரண்டரை. அவ்வளவுதான். முதல் அணி சும்மா இருக்கும் நாளில் இவர்கள் வென்றால் இரண்டாகக் குறையும், இரண்டு அணியும் நேருக்கு நேர் மோதி இவர்கள் வென்றால் ஒரேயடியாக ஒன்றரைக்கு வந்துவிடும்.

புள்ளி எதற்கு? சமநிலை என்பதே அநேகமாக இல்லை. 9 இன்னிங்ஸில் தீராவிட்டால் தீரும்வரை ஆடுவார்கள். நம்முடைய எல்லே ஆடியவர்களுக்கு ஓடி ஓடித் தளங்களைத் தொடுவது புதிதில்லை, இந்தக் கணக்குத்தான் புதிது.

மொத்தம் 30 அணி, ஐந்து ஐந்தாக ஆறு பிரிவு. மச்சானின் ரொறன்ரோ அணியான ப்ளூ ஜேஸ் 1992, 1993 இரண்டு வருடமும் சாம்பியன். அங்கே இரவு 7 மணி ஆட்டம் நமக்கு விடிய 4.30, அதனால் அவர் அட்டவணை அனுப்பும் நேரத்தைக் குறைசொல்ல முடியாது.