உடற்கல்விக் கல்லூரி: ஓட்டமும் ஆட்டமும் ஒரு படிப்பா?

பன்னிரண்டாவது முடித்த பையன் உடற்கல்விக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று அடம்பிடிப்பதாகக் கோவை மாவட்டம் அன்னூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். "ஓடுவதும் ஆடுவதும் ஒரு படிப்பா?" என்பது அவர் சந்தேகம். இந்தப் பக்கத்துப் பள்ளியொன்றில் பி.டி. வாத்தியாராக இருப்பதால் சொல்கிறேனுங்க.

படிப்புதான். ஆனால் தான் விளையாடுவதற்காக மட்டும் போகிறான் என்றால் வேண்டாம். அதற்கு நல்ல கோச் போதும். இது அடுத்தவரை விளையாட வைக்கக் கற்றுத்தரும் இடம்.

கோடு போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கயிறு, ஆணி, சுண்ணாம்புப் பொடி. வாலிபால் கோர்ட் 18-க்கு 9 மீட்டர். நாலு பக்கமும் அளவு சரியாக இருந்தும் கோர்ட் கோணலாக நிற்கும். எதிர் மூலைக்கு மூலை 20.12 மீட்டர் வந்தால்தான் கோணல் இல்லை. 400 மீட்டர் டிராக்கில் வளைவின் ஆரம் 36.50, நேர்ப்பகுதி 84.39, ஒரு பாதையின் அகலம் 1.22. வெளிப்பாதையில் ஓடுகிறவனுக்குச் சுற்று நீளம் என்பதால் இரண்டாம் பாதைக்காரனை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். இந்தக் கணக்குத் தப்பினால் விளையாட்டு விழா அன்று பெற்றோர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். இதுபோக உடற்கூறியல், உடலியங்கியல், காயத்துக்கு முதலுதவி, பாடம் நடத்தும் பயிற்சி எல்லாம் உண்டு.

ஆட்டமும் பாடத்தில் இருக்கிறது. லெசிம் (ஜல்ஜல் என ஒலிக்கும் கருவியைக் கையில் பிடித்து ஆடும் பயிற்சி), நாட்டுப்புற ஆட்டம் பழக்குவார்கள். நம் ஊரில் இதற்கு வள்ளி கும்மியைவிட வேறென்ன வேண்டும்? கோவை மாவட்டத்துக் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்ததே. ஓடச் சொன்னால் வயிற்றுவலி என்று வேப்பமரத்தடியில் உட்காரும் பிள்ளைகள், கும்மிக்கு வட்டம் கட்டி நிறுத்தினால் பெல் அடித்தும் நகர மாட்டார்கள். அடவு மாறும்போது மூச்சு வாங்குவதைப் பார்த்தால் தெரியும், அது ஓட்டத்துக்குக் குறைந்த வேலையில்லை.

சென்னையில் ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இந்தப் படிப்புக்கு முன்னோடி. நம் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயாவின் மாருதி கல்லூரி இருக்கிறது. உடற்கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2004-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது.

பையன் முதலில் மூன்று வருஷ இளங்கலை முடிக்க வேண்டும், அப்புறம் இரண்டு வருஷம் பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியர் படிப்பு. அரசு வேலை, அறிவிப்பு வந்தால்தான். தனியார் பள்ளிகளில் இடம் கிடைக்கும். சம்பளம் சுமார்தான், பொதுத்தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்காமலே எடுத்துக்கொள்வார். இதையெல்லாம் பையனிடமே சொல்லிவிடுங்கள்.

பி.பி.எட்.டுக்கு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரம் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சேர்க்கும் முன்னால் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கல்லூரி மைதானத்துக்கு நேரில் போங்கள். அந்நேரத்துக்கு அங்கே ஆள் நடமாட்டம் இல்லையென்றால் வேறு கல்லூரி பாருங்க.