அரசியல் கொதிக்கும் நேரத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஜெபம் மட்டும் போதாதா?

போதாது என்பது என் கருத்து. "எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று தேர்தல் நாளிலும் வீட்டைவிட்டு நகராதவர்கள் நம் சென்னைச் சபைகளில் உண்டு. அவர்கள் வேதாகமத்தில் எரேமியா 29-ஆம் அதிகாரத்தை ஒருமுறை படிக்கலாம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபியுங்கள் என்கிறது. அதுவும் தங்களை ஜெயித்தவனின் ஊருக்காக!

நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. பிரிவினைக் கலவரம் ஓயாத நேரம், 1947 செப்டம்பர் 27 அன்று, கதீட்ரல் சாலையிலுள்ள செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று பிரிந்து கிடந்தவர்கள் ஒன்றானார்கள். லயோலா கல்லூரி முதல்வராக இருந்த ஜெரோம் டிசோசா பாதிரியார் நாட்டின் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலேயே உட்கார்ந்தவர்.

ரோமர் 13 அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறதே என்பார்கள். சரி, அப்போஸ்தலர் 5:29-ஐயும் சேர்த்துப் படியுங்கள். மனிதருக்குக் கீழ்ப்படிவதற்கு எல்லை உண்டு என்று பேதுரு நேருக்கு நேர் சொல்கிறார்.

அப்புறம், பிரசங்க மேடையிலிருந்து வேட்பாளர் பெயரைச் சொல்வது மட்டும் எனக்கு ஒப்பாது. எந்தக் கட்சியானாலும்.