பிளேடு புதுசு, வெட்டு சரியில்லை: புல் மிஷினில் எங்கே பார்ப்பது?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். ஐந்து கறவை மாடுகள், கொஞ்சம் கோ-5 என்ற நேப்பியர் ரகப் புல், மீதியெல்லாம் தென்னை. 2 ஹெச்பி மோட்டார் போட்ட புல் வெட்டும் மிஷின், சக்கரத்தில் இரண்டு பிளேடு. ஒன்று பல்லுப் பல்லாகப் போய்விட்டது என்று அதை மட்டும் புதிதாக மாற்றினேன். அன்றிலிருந்து சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டங்'கென்று இடிக்கிறது, மிஷினே ஆடுகிறது. பிளேடைக் கொஞ்சம் பின்னால் தள்ளி முடுக்கினால் சத்தம் போய்விடுகிறது, ஆனால் தண்டு வெட்டுப்படாமல் நார் நாராகத் தொங்குகிறது, மாடுகள் தண்டை ஒதுக்கிவிடுகின்றன. சரி என்று கியரை மாற்றி நன்றாகப் பொடியாக வெட்டிப் போட்டேன். இப்போது பால் சொசைட்டியில் கொழுப்பு குறைவாகக் காட்டுகிறது. இதே மிஷினில் தென்னை மட்டையையும் விடலாமா?

பதில்: வணக்கம்ங்க. நீங்கள் பிளேடைக் குறை சொல்கிறீர்கள், எனக்கு வாய்த்தட்டின் மேல்தான் சந்தேகம். புல் வெளியே வரும் வாயின் விளிம்பில் போல்ட் போட்டு ஒரு இரும்புப் பட்டை இருக்கும் பாருங்கள், அதுதான். கத்தரிக்கோலில் ஒரு அலகை மட்டும் தீட்டிவிட்டு நடு ஆணியைத் தளர்வாக விட்டால் துணி வெட்டுப்படாமல் மடிந்து நடுவே புகுந்துகொள்ளுமே, உங்கள் மிஷினில் நேப்பியர் தண்டுக்கு நடப்பதும் அதேதான். பிளேடு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தட்டோடு ஒட்டி ஓடவில்லை என்றால் தண்டு நசுங்கி நாராகத்தான் தொங்கும். பழைய பிளேடு தேய்ந்து உட்கார்ந்த நிலைக்கு ஏற்றபடி இடைவெளியை முன்பு வைத்திருப்பீர்கள், இப்போது அகலமும் எடையும் கூடிய புதியது ஒரு பக்கம் வந்துவிட்டது. ஒன்று தட்டில் இடிக்கிறது, இன்னொன்று தட்டைத் தொடாமலே போகிறது. ஒரு பக்கம் கனம் கூடினால் சக்கரம் ஆடாமல் என்ன செய்யும்?

அதனால் முதல் வேலை, இரண்டு பிளேடையும் ஒன்றாக மாற்றுங்கள். இன்னொன்று "இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்று தோன்றும், இருக்கட்டும், அதைத் தனியே எடுத்து வையுங்கள். மூன்று பிளேடு மிஷின் என்றால் மூன்றையும் மாற்ற வேண்டும். வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போனால் இதெல்லாம் கிடைக்கும், ஆனால் கடையில் போய் "2 ஹெச்பி மிஷினுக்கு பிளேடு" என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரே ஹெச்பியில் ஓட்டைத் தூரமும் வளைவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கழற்றிய பிளேடையும் போல்ட்டையும் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய இரண்டையும் வீட்டுத் தராசில் போடுங்கள். சில கிராம் வித்தியாசம் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் கனமானதன் முதுகுப் பக்கம் கொஞ்சம் தேய்த்துச் சமன் செய்யலாம், வாய்ப் பக்கம் கை வைக்க வேண்டாம். போல்ட்டும் புதிதாக வாங்குங்கள், தலையில் 8.8 என்ற உறுதிக் குறி குத்தியிருக்கிறதா என்று பார்த்து. சாதா மைல்ட் ஸ்டீல் போல்ட் இந்த அடிக்கு இழுபட்டு நீளும், நீண்டால் பிளேடு தளரும், தளர்ந்தால் என்ன பறக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கழற்றுவதற்கு முன்னால் ஒன்று. ஸ்விட்சை அணைத்தது போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள், பிளக் இல்லாத நேர் லைன் என்றால் ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போன நேரம் பார்த்து "சும்மாதானே கிடக்கு, இப்பவே மாத்திடலாம்" என்று சக்கரத்துக்குள் கை விடுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர், போன கரண்ட் சொல்லிக்கொண்டா திரும்பி வரும்? சக்கரம் கனமானது, மோட்டார் நின்ற பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும், கையால் லேசாகத் தட்டினாலும் உருளும். சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே நல்ல மரக்கட்டையைச் சொருகி அசையாமல் நிறுத்திய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

இப்போது சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து, எதிர்ப்பக்கம் தள்ளிப் பாருங்கள். 'டொக் டொக்'கென்று முன்னும் பின்னும் ஆடினால் பேரிங்கோ புஷ்ஷோ போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் பிளேடை எத்தனை தடவை வைத்தாலும் வீண்தான், கையால் சுற்றும்போது சரியாக இருக்கும், புல் உள்ளே போனதும் சக்கரம் பின்னால் தள்ளிக்கொண்டு இடைவெளி விழுந்துவிடும். நிறையப் பேர் பிளேடு மேல் பிளேடாக மாற்றிக்கொண்டே இருப்பது இந்த ஒரு இடத்தைப் பார்க்காததால்தான்.

அடுத்தது வாய்த்தட்டு. அழுக்கைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்து விளிம்பைப் பாருங்கள். நல்ல விளிம்பு என்றால் கோடு போல நேராக இருக்கும், தேய்ந்தது உருண்டையாக மின்னும், நடுவில் குழியும் இருக்கும், ஏனென்றால் எல்லோரும் புல்லை நடுவாயில்தான் திணிக்கிறோம். ஸ்டீல் ஸ்கேலைப் படுக்கவைத்தால் குழி தெரிந்துவிடும். பல மிஷின்களில் இந்தத் தட்டைத் திருப்பிப் போட்டு மறு விளிம்பையும் பயன்படுத்தலாம், உங்களுடையது அப்படியா என்று கழற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் போயிருந்தால் லேத்தில் கொடுத்து மட்டம் பிடிக்கலாம், மெலிந்துபோனது என்றால் புதிதுதான்.

பிளேடைப் பொருத்தும்போது சீவிய பக்கம் வெளியே, தட்டையான பக்கம் வாய்த்தட்டைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டு வெட்டவில்லை என்று புலம்புகிறவர்களும் உண்டு. முதலில் போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்குங்கள். பிளேடின் ஒரு முனை தட்டுக்கு நேராக வருகிற மாதிரி சக்கரத்தை நிறுத்தி நடுவே பழைய தபால் கார்டு ஒன்றைச் சொருகுங்கள். கார்டு லேசாக உரசிக்கொண்டு வரவேண்டும், பிடித்துக்கொள்ளவும் கூடாது, பொதுக்கென்று வரவும் கூடாது. கால் மில்லிமீட்டர் அளவு, அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் நார் தொங்க ஆரம்பித்துவிடும். பிளேடுக்குப் பின்னால் இருக்கிற செட் ஸ்க்ரூவைத் திருகினால் பிளேடு முன்னே வரும், ஸ்க்ரூ இல்லாத மிஷின் என்றால் மெல்லிய தகடு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஒரு முனையில் சரியானதும் சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டி நடுவில், பிறகு மறுமுனையில் என்று மூன்று இடத்திலும் கார்டு ஒரே மாதிரி உரச வேண்டும். போல்ட்டை ஒரேயடியாக இறுக்காமல் இதைக் கொஞ்சம் அதைக் கொஞ்சம் என்று இறுக்குங்கள், முழுக்க இறுக்கிய பிறகு இன்னொரு தடவை கார்டு விட்டுப் பாருங்கள், ஏனென்றால் இறுக்கும்போதே பிளேடு நகரும். இதைச் செய்ய அலுப்பாகத்தான் இருக்கும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் "போதும் விடு" என்று எழுந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது பிளேடுக்கும் இதே வேலை. முடிந்ததும் கட்டையை எடுத்துவிட்டுக் கையால் மூன்று நான்கு சுற்று சுற்றிக் காது கொடுங்கள், எங்கேயும் இரும்பு உரசும் சத்தம் வரக்கூடாது. நீளமான புல் தோகை ஒன்றை வாயில் வைத்து, கையை நன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டு, நீங்களே சக்கரத்தை உருட்டுங்கள் (ஒருவர் உருட்ட இன்னொருவர் புல் பிடிப்பது வேண்டவே வேண்டாம்). தோகை இழுபடாமல் நறுக்கென்று விழுந்தால் வேலை முடிந்தது. பிறகு புல் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, போல்ட்டை மறுபடி முடுக்குங்கள். முதல் நாள் வெட்டு முடிந்ததும் இன்னொரு தடவை.

கழற்றிய பழைய பிளேடை எறிய வேண்டாம். சாணை பிடித்து ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டால் அவசரத்துக்கு ஆகும். சீவிய பக்கம் மட்டும் தீட்டுங்கள், ஏற்கெனவே இருக்கிற சாய்வு மாறாமல், தட்டையான பக்கத்தில் பிசிறு நிற்பதை எண்ணெய்க்கல்லில் படுக்கவைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். பட்டறையில் ஆங்கிள் கிரைண்டரை அழுத்திப் பிடித்து நீல நிறம் ஏற விட்டுவிடுவார்கள், நீலம் ஏறிய இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம், அது ஒரு வாரம்கூடத் தாங்காது. அடிக்கடி தண்ணீரில் நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். போல்ட் ஓட்டை பக்கத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தப் பிளேடு பழைய இரும்புக்குத்தான். வெல்டிங் வைத்து மாட்டுகிற யோசனை வேண்டாம், சுற்றுகிற வேகத்தில் துண்டு தெறித்தால் ஆளைப் பார்த்துத் தெறிக்காது.

உங்கள் பிளேடு ஏன் பல்லுப் பல்லாகப் போனது என்று யோசித்தீர்களா? கல்லோ கம்பியோ உள்ளே போயிருக்கிறது. உடைந்த அந்தத் துணுக்கு எங்கே என்பது அதைவிடப் பெரிய கேள்வி. மாடு நம்மைப் போல மென்று பார்த்துத் துப்பாது, அப்படியே விழுங்கும், இரும்பு தேன்கூட்டு வயிறு என்கிற வயிற்று அறையில் போய் உட்காரும், அங்கிருந்து இதயம் பக்கம்தான், நடுவே உதரவிதானம் ஒன்றுதான் தடுப்பு. எந்த மாடாவது திடீரென்று தீவனம் எடுக்காமல், பால் சட்டென்று இறங்கி, முன்னங்கால் முழங்கையை அகட்டி நின்றுகொண்டு, சரிவில் இறங்க யோசித்து முனகினால் கை வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இனிமேல் ஒரு நட்டு காணவில்லை என்றால் வெட்டிய புல் அத்தனையையும் உதறிப் பார்க்காமல் தொட்டியில் போடாதீர்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் புல் விழும் இடத்தில் கட்டி வைத்தால் சின்னச் சின்னத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். புல்லை அறுத்த பிறகு தரையில் இழுத்து வராமல் தூக்கி வந்தாலே பாதிக் கல்லும் மண்ணும் குறையும், உங்கள் பக்கம் கரிசல் வேறு, மழை நாளில் அடித்தூரோடு அப்பிக்கொண்டு வரும்.

சாயங்காலம் பிளேடைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கழிவு ஆயில் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுநாள் முதல் கட்டுப் புல்லோடு அது மாட்டு வயிற்றுக்குத்தானே போகிறது.

கொழுப்பு விஷயத்துக்கு வருவோம். பொடியாக வெட்டினால் மாடு மிச்சம் வைக்காது என்பது உண்மைதான், ஆனால் ரொம்பப் பொடியானால் அசைபோடுவது குறையும், அசைபோடக் குறைந்தால் உமிழ்நீர் குறையும், உமிழ்நீரில் இருக்கிற சோடா உப்புதான் வயிற்றுப் புளிப்பை அடக்குகிறது, புளிப்பு கூடினால் பாலில் கொழுப்பு இறங்கும். சொசைட்டியில் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்துத்தானே விலை போடுகிறார்கள், அதனால் கியரைப் பழையபடி மாற்றி 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். இடைவெளி சரியாகிவிட்டால் அந்த நீளத்திலேயே மாடு தண்டைச் சாப்பிடும். ஆனால் முழுப் பழியையும் மிஷின் மேல் போட வேண்டாம். மழைக்குப் பிறகு தளதளவென்று வந்த இளம்புல்லை மட்டும் கொடுத்தாலும் கொழுப்பு இறங்கும். நெல் அறுப்பு முடிந்த ஊரில் வைக்கோலுக்கா பஞ்சம், ஒரு மாட்டுக்கு நான்கைந்து கிலோ வைக்கோலோ சோளத்தட்டோ சேர்த்துக் கொடுங்கள். இன்னொரு பக்கம், கோ-5 புல்லை நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒரு தடவை என்று எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் தண்டு மரமாகும், பிளேடையும் தின்னும், மாடும் தின்னாது.

இவ்வளவு செய்தும் மோட்டார் சூடானால் பெல்ட்டைப் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் வரை அமுங்கலாம், அதற்கு மேல் என்றால் வழுக்குகிறது, சக்கரத்துக்கு வேகம் போதாது, அப்போதும் இதே மாதிரி நார்தான் வரும். வோல்டேஜ் குறைவான நேரத்தில் வெட்டாதீர்கள்.

தென்னை மட்டை இந்த மிஷினில் வேண்டாம். பச்சை ஓலையைத் தனியாக உரித்துக் கொஞ்சமாக விடலாம், மட்டையின் அடிப்பாகம் ரோலரில் சிக்கிக்கொள்ளும், அதை எடுக்கக் கை விடுவீர்கள், விபத்து பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. சிக்கினால் லீவரை ரிவர்ஸில் போட வேண்டும், வரவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு மிஷின் பக்கம் நிற்பதையும் விட்டுவிடுங்கள்.

மட்டைக்கென்று பொடியாக்கும் தனி மிஷின், ஷ்ரெட்டர், இருக்கிறது, உள்ளே கத்தியோடு ஆடும் சுத்திகளும் இருக்கும், பெரிய மோட்டார் அல்லது டிராக்டரில் ஓடும். சுத்தியின் ஒரு மூலை மழுங்கினால் திருப்பிப் போடலாம், மாற்றுவதென்றால் எதிரெதிரே இருக்கிற இரண்டையும் ஒரே எடையில் மாற்ற வேண்டும், காரணம் உங்கள் சக்கரத்துக்குச் சொன்னதுதான். பழைய கூரை, வேலியில் இருந்து பிரித்த கீற்றை விடுவதானால் கட்டுக்கம்பியை முழுக்க எடுத்துவிட்டு விடுங்கள். பொடித்த ஓலையைச் சாணத்தோடு மக்கவைத்து மண்புழு உரமாக்கலாம், காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னை ஓலைக்கென்றே ஒரு மண்புழு முறை வைத்திருக்கிறது. ஷ்ரெட்டரை நீங்கள் மட்டும் வாங்கினால் வருடத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும், பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேருங்கள். உங்கள் நிலம் கேரளப் பக்கம் என்பதால் கோயம்புத்தூர் ஆபீஸில் மனு கொடுத்து அலைய வேண்டாம், உங்கள் பஞ்சாயத்துக் கிருஷி பவனில் (கேரள வேளாண் துறை அலுவலகம்) மானியம் பற்றிக் கேளுங்கள், கேட்ட பிறகு மிஷினுக்குப் பணம் கட்டுங்கள்.